வலது பக்கக் கதவு

அட, துப்பாதீங்க! ஏனுங்க, உங்களத்தான். சன்னலுக்கு வெளிய தலைய நீட்டறீங்களே, பின்னாடி சன்னல்ல பொம்பளைங்க உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா? பஸ்ஸு போற வேகத்துக்கு நீங்க துப்பினா அது ரோட்டுலயா உழுகும்? நேரா அவிய மூஞ்சியிலதான் போயி அடிக்கும். கருமம், கருமம். காங்கயத்துல வண்டி நிக்கும், அப்ப எறங்கித் துப்பிக்குங்க. அதுமுட்டும் வாயிலயே வெச்சிருங்க.

முழுங்கிட்டீங்களா? ச்சீ! அதெப்படிங்க அத முழுங்க மனசு வருது?

சரி, கோவிச்சுக்காதீங்க. ஒரே சீட்டுல உக்காந்து போறோம், சண்ட எதுக்கு. தப்பு உங்க மேல இல்லீங்க. காத்தாலிருந்து எனக்கு எதப் பாத்தாலும் கொமட்டுது. அதுலயும் வெத்தல எச்சி. அதுலயும் இந்த வாசனப் பாக்கு, கிராம்பு. இத்தன பெரிய பஸ்ஸுல காலியா இருந்த ஒரே சீட்டு உங்க பக்கத்துல. என்ற நேரத்தப் பாருங்க.

என்ற பேரு கிட்டுசாமிங்க. திருப்பூருல பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். செக்கிங்னா தெரியுமில்லீங்க? தெச்ச துணி மேசைக்கு வரும். தலைக்கு மேல டியூப் லைட்டு. ஊசி மொனையாட்டம் ஒரு எண்ணெய்க் கறை இருந்தாப் போதும், செகப்பு அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒண்ண அந்த எடத்துல ஒட்டித் திருப்பி அனுப்பிருவோம். பழுது நெறையாத் தெரிஞ்சா மொத்த லாட்டும் திரும்பிப் போகும். மொதலாளியே வந்து கெஞ்சினாலும் நான் கேக்க மாட்டேன். வெளிநாட்டுக்காரன் வந்தா என்ற மேசைக்குத்தான் மொதல்ல வருவான். கறைன்னா எனக்கு அப்படியொரு அருவருப்பு. பொறவியிலயே வந்தது, என்ன பண்றதுங்க.

எங்க போறன்னு கேக்கறீங்களா? வெள்ளக்கோயிலுக்கு முன்னால கரட்டுப்பாளையம். மாமனாரு ஊரு. மாரியாத்தா கோயில் நோம்பி, திருவிழாங்க. காரு கீரு இல்லீங்களான்னு மட்டும் கேட்டுறாதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

இருக்குதுங்க! காரு இருக்குது. ஊட்டு முன்னால கவர் போட்டு நிக்குது. பியட்டு காரு. பாசிப்பயிறு பச்ச. அதுல மூஞ்சி பாத்துச் சவரம் பண்ணிக்கலாம், அப்படியொரு பாலீசு. அத உட்டுப்போட்டு நான் உங்க வெத்தல நாத்தத்துல உக்காந்து போறேன். ஏன்னு கேளுங்க.

ஏன்னா, நமக்குப் பின்னால மூணாவது சன்னல்ல பச்சச் சீல கட்டிட்டு ஒருத்தி உக்காந்திருக்கறா. திரும்பாதீங்க! மெதுவாப் பாருங்க. மடியில மாவிளக்குத் தூக்குப் போசி வெச்சிருக்கறாளே, அவதான். என்ற ஊட்டுக்காரி, பாவாத்தா. ஒரே ஊட்டுல இருந்து வந்தோம், ஒரே கோயிலுக்குப் போறோம், டிக்கெட்டு அவளுக்கு மட்டும் ஒண்ணு எடுத்துக்கிட்டா. கண்டக்டரு என்னையக் காட்டி, “ஐயாவுக்கும் சேத்துங்களாம்மா?”ங்கறாரு. அவ சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அத்தன பேரும் என்னையப் பாக்கறாங்க. மானம் போச்சுங்க.

நான் அவளுக்கு என்ன கொற வெச்சேன்? நீங்களே கேட்டுட்டு நாயத்தச் சொல்லுங்க.

அந்தக் காரு என்ற மாமனாரு காருங்க. சென்னியப்பன்னு பேரு. கரட்டுப்பாளையத்துக்கு மொத காரு அவரு காருதான். நல்ல மனுசன், ஒண்ணும் குத்தஞ் சொல்றதுக்கில்ல, வாயத் தவிர. வாய்னா பேச்சச் சொல்லலீங்க. வெத்தல. காத்தால பல்லு வெளக்கின கையோட போட்டாருன்னா படுக்கற முட்டும் அரைச்சுக்கிட்டே இருப்பாரு. காரு ஓட்டறப்பவும் அப்படித்தான். வலது கைய சன்னல்ல தொங்கப் போட்டுக்கிட்டு, ரோட்டப் பாத்தபடிக்கே புளிச்சுன்னு ஒரு துப்பு. பாதி ரோட்டுல உழுகும், பாதி காரு மேல. டிரைவர் கதவுல ஆரம்பிச்சு பின் சக்கரம் முட்டும் ஒரே செகப்புப் பட்டை. மழைக்கும் போகாம, வெயிலுக்குக் காஞ்சு, வருசா வருசம் மேல மேல ஏறி, கடேசியில காவிக்கல்லாட்டம் கட்டிப்போச்சு. நான் பொண்ணு பாக்கப் போனப்ப மொதல்ல பாத்தது பொண்ண இல்லீங்க, அந்தக் கதவத்தான். கல்யாணமாகி மறு அழைப்புக்கு அந்தக் காருலதான் எங்களக் கூட்டிட்டுப் போனாரு. எங்கயும் பட்டுறக் கூடாதுன்னு ரெண்டு கையையும் மடியிலயே வெச்சிட்டிருந்தேன். இவ என்னமோ நான் வெக்கப்படறன்னு நெனச்சுக்கிட்டாளாம்.

இவ கதையக் கேளுங்க. சின்னப் புள்ளையில எப்பவும் அவிய அய்யனுக்கு, அதான் என்ற மாமனாருக்கு, நேர் பின்னால, சன்னலோரத்துலதான் உக்காருவாளாம். அவரு துப்பினா காத்துல பறந்து வந்து இவ கன்னத்துல சிலுசிலுன்னு தெறிக்குமாம். “அய்யா, எச்சி!”ன்னு இவ கத்துவாளாம். அவரு திரும்பாமயே, “மழை சாமி, மழை!”ம்பாராம். ரெண்டு பேரும் கெக்கெக்கேன்னு சிரிப்பாங்களாம். இத எங்கிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்கறா. ஒவ்வொரு தடவையும் கன்னத்தத் தொட்டுக்கிட்டே சொல்வா. சிரிக்கற விசயமாங்க இது? த்தூ. மொத தடவ கேட்டப்ப எனக்குச் சோறே எறங்கல.

மாமனாரு போய்ச் சேந்த பொறவு காரு மாட்டுச் சாளையில கெடந்துச்சு. கோழி அடைகாத்து, எலி குட்டி போட்டு, ஒரே அலங்கோலம். என்ற மச்சான், அதான் இவ அண்ணன், இரும்புக் கடைக்காரனுக்குத் தள்ளிட்டுப் போகச் சொல்லிட்டாரு. சரியான முடிவு. நானும் அதத்தான் சொன்னேன். இவதான் எம் முன்னால வந்து நின்னா. சீல வேணும், நக வேணும்னு ஒரு நாள் வாயத் தொறந்து கேட்டவ இல்லீங்க. “எங்கய்யன் காருல ஒருக்கா நோம்பிக்குப் போயி, கோயில ஒரு சுத்துச் சுத்தி வரணுமுங்க. அவ்வளவுதான். பொறவு இரும்புக்குப் போட்டாலும் போட்டுக்கட்டும்”னா.

நானும் ஆம்பளதானுங்களே. “அடுத்த நோம்பிக்கு உங்கய்யன் காருலதான் போறோம்”னு வாக்குக் குடுத்துட்டேன்.

ராயப்பன்னு ஒரு மெக்கானிக்கு. எங்க ஊட்டுல இருந்து கூப்புடு தூரத்துலதான் செட்டு போட்டிருக்கறான். அவனக் கூட்டிட்டுப் போயிக் காட்டினேன். பானெட்டத் தூக்கினான், குனிஞ்சான், தட்டினான். “பேட்டரி, டயரு, டேங்கு கிளீனிங்கு. வெள்ளிக்கெழம ஓட்டிட்டுப் போலாமுங்கய்யா. மொதல்ல ஓடட்டும், மத்ததெல்லாம் ஓட ஓடப் பாத்துக்கலாம்”னான்.

பாத்தீங்களா அவன் புத்திய? ஓட ஓடப் பாத்துக்கலாமாம்! கோழிப் பீய மிதிச்சுக்கிட்டு, அழுகின முட்டை மேல உக்காந்துக்கிட்டு, எச்சிக் கதவத் தொறந்து ஏறி நான் நோம்பிக்குப் போகோணுமாம். “ராயப்பா, செஞ்சா ஒழுங்காச் செய்யோணும். கம்பெனியில இருந்து எறங்கறப்ப எப்படி இருந்துச்சோ அப்படி”ன்னேன். அவன் தலையச் சொறிஞ்சான். அன்னைக்கே தெரிஞ்சுருச்சுங்க, இவன் இழுத்தடிக்கற ஆளுன்னு.

செட்டுக்கு இழுத்துட்டு வந்த மொத நாளே மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு நானே எறங்கினேன். சீட்டு கவருல முப்பாட்டன் காலத்துத் தலையெண்ணெய்ப் பிசுக்கு. ஸ்டீரிங்குல கிழிஞ்ச வேட்டித் துணியச் சுத்தி வெச்சிருந்தாரு, தொட்டா ஒட்டுது. சீட்டுக்கடியில காஞ்சுபோன சுண்ணாம்பு டப்பா, கிராம்பு, பாக்கு உருண்டை. ஒட்டுக்கா வாரிக் குப்பையில கொட்டினேன். பொறவு அந்தக் கதவு. “அது பெயிண்டடிக்கறப்பப் போயிருமுங்கய்யா, இப்ப எதுக்கு?”ன்னான் ராயப்பன். என்னால அத வெச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்க முடியாதுங்க. சோப்புத் தண்ணி போட்டேன், அசையல. மண்ணெண்ண போட்டேன். தின்னர் போட்டேன். கடேசியில உப்புத்தாள் வாங்கி என்ற கையாலயே தேய்ச்சேன். மொதல்ல செகப்பா வந்துச்சு, பொறவு பச்சையா வந்துச்சு, பொறவு தகரம் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அந்தக் காருலயே மொத மொதல்ல பழுதில்லாம ஆன எடம் அந்தக் கதவுதான், தெரிஞ்சுக்குங்க.

பாவாத்தாகிட்ட, “முடியற முட்டும் நீ வந்து பாக்கவே கூடாது, முழுசா முடிஞ்ச பொறவுதான் காட்டுவேன்”னு சொல்லிட்டேன். ஆச்சரியமா இருக்கட்டும்னுதான். அவளும் சரீன்னுட்டா. ஆனா நான் செட்டுல இருந்து வந்து கை கழுவறப்பல்லாம் தண்ணி ஊத்திக்கிட்டே ஒண்ணே ஒண்ணு கேப்பா. “கதவு நல்லா இருக்குதுங்களா?” இஞ்சினக் கேக்க மாட்டா, சக்கரத்தக் கேக்க மாட்டா. கதவு துரு புடிச்சிருமோன்னு அவளுக்குக் கவல. “கதவப் பத்தி நீ கவலையே படாத, அத மொதல்லயே பாத்துட்டேன்”பேன். அவ மொகம் அப்படி மலரும்.

அந்த வருச நோம்பி வந்துச்சு. காரு எலும்புக்கூடா நிக்குது. அடியில தகரமெல்லாம் உளுத்துப்போயி, கைய உட்டா அந்தப்பக்கம் வருது. டிங்கர் வேல பாக்க ஆளு வரலை. வந்த ஆளு ஒட்டின தகரம் எனக்குப் புடிக்கல. நான் ஒரு கட்டு அம்பு ஸ்டிக்கர் எடுத்துட்டுப் போயி, பழுது தெரிஞ்ச எடமெல்லாம் ஒட்டிட்டு வந்தேன். அடுத்த நாள் போனா ராயப்பன் இடுப்புல கை வெச்சுக்கிட்டு நிக்கறான். “என்னங்கய்யா இது, காருக்கு அம்மை போட்டாப்பல?”ங்கறான். ரவுசப் பாத்தீங்களா? பாவாத்தா பஸ்ஸுல போயிட்டு வந்தா. “அடுத்த நோம்பிக்குப் போலாம்”னு சொல்லிட்டேன்.

செட்டு இருக்குதே செட்டு, அது ஒரு நரகமுங்க. டீ குடிச்ச டம்ளருல கிரீசு. கிரீசு டப்பாவுல பீடித் துண்டு. ஒரு நா கார்பொரேட்டரு பக்கத்துல செத்த பல்லி ஒண்ணு, காஞ்சு அப்பளமாக் கெடக்குது. ராயப்பன் அத எடுத்து வீசிட்டு அதே கையில வடையப் பிச்சு எனக்கு நீட்டறான். அங்க வாரத்துல பாதி நாள் நான் உக்காந்திருந்தேன்னா, யாருக்காகங்க? சொல்லுங்க.

நடுவுல சந்தோசமும் இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆயுத பூசைக்கு அவன் செட்டுல இருக்கற வண்டிக்கெல்லாம் சந்தனம், பொட்டு வெச்சு, சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெப்பான். மத்ததெல்லாம் ஸ்டார்ட் பண்ணி நசுக்கிட்டுப் போகும். நம்ம காருல இஞ்சினே இல்ல, அவனும் நானும் அவன் சம்சாரமும் பின்னால நின்னு தள்ளித்தான் பழத்த நசுக்கினோம். ஒரு வருசம் இல்ல, பல வருசம் அப்படித்தான். “அடுத்த பூசைக்கு ஓட்டிட்டே ஏத்தறோமுங்கய்யா”ம்பான் ஒவ்வொரு தடவையும். எனக்கும் ஆசையாத்தான் இருக்கும்.

ஒரு நா இஞ்சின மாட்டி ஸ்டார்ட் பண்ணினானுங்க. மொத தடவ இருமுச்சு, ரெண்டாந்தடவ இருமுச்சு, பொறவு ஓடுச்சு! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ராயப்பன் என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டான், சட்டையெல்லாம் கிரீசு, நான் அன்னைக்கு ஒண்ணுஞ் சொல்லல. ஊட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கருல அந்தச் சத்தத்த இவளுக்குக் கேக்க வெச்சேன். முழுசாக் கேட்டா. பொறவு, “எங்கய்யன் காரு இருமறாப்பலயேதானுங்க இருக்குது”ன்னா.

அந்த இருமலுதான் எனக்கு உறுத்துச்சு. நல்லா யோசிச்சுப் பாருங்க. புது வண்டி எதுக்கு இருமோணும்? கம்பெனியில இருந்து எறங்கறப்ப இருமிக்கிட்டேவா எறங்குச்சு? மறுநா போயி, “எறக்கு இஞ்சின”ன்னுட்டேன். ராயப்பன் கையில இருந்த ஸ்பேனரக் கீழ போட்டான். “ஐயா, ஓடற வண்டிங்க. நாளான்னைக்கு நோம்பி. அம்மா ஆசப்பட்டது அவ்வளவுதானுங்க. ஏத்திட்டுப் போயிட்டு வாங்க, பொறவு எறக்கறேன்”னான். எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்! முடிக்காத பீஸ எந்தக் கிறுக்கனாவது டெலிவரி எடுப்பானுங்களா?

“உங்களுக்குக் காரு வேணுமா, குத்தம் வேணுமா?”ன்னு கேட்டுட்டானுங்க. என்னையப் பாத்து! அந்த வாய்க்கு நான் அவங்கூட ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசல. தாமதம் யாரால? அவனாலதானுங்களே?

அந்த நோம்பிக்கும் இவ பஸ்ஸுதான். அப்பவே மொழங்கால்ல வலி வந்துருச்சு. படியில ஏற முடியாம, போசியக் கீழ வெச்சுட்டு, கம்பியப் புடிச்சு ஏறினா. நான் போயி ஏத்தி உட்டுட்டுத்தான் வந்தேன். “நீங்க வரலீங்களா?”ன்னா. “காருலதான் வருவேன், உன்னையக் கூட்டிட்டு”ன்னேன். அவ சிரிச்சா. சின்னச் சிரிப்புத்தான்.

பெயிண்டுக் கதைய எடுத்தா காங்கயம் போதாது, கரூர் முட்டும் போகோணும். பாசிப்பயிறு பச்சைன்னா அவன் பச்சைப் பட்டாணி கலருல அடிச்சு நிறுத்தறான். நான் ஊட்டுல இருந்து ஒரு பிடி பயிறு கொண்டுபோயி பானெட்டு மேல கொட்டிக் காட்டினேன். ரெண்டாந்தடவ கலரு சரி, டிக்கி மூடியில ஒரு தூசி, பெயிண்டுக்கடியில. பெயிண்டரு, “அந்த எடத்த மட்டும் தேய்ச்சு எடுத்தர்றேன்”ங்கறான். ஒரு எடம் பழுதுன்னா மொத்தமும் பழுதுதான். தேய்ச்சு எறக்குன்னேன். அந்தாளு பெயிண்டு டப்பாவ எடுத்துக்கிட்டுப் போனவன்தான், திரும்பி வரவே இல்ல. பொறுப்பே இல்லாத சனமுங்க.

காங்கயம் வந்துருச்சு. போங்க, போயி நல்லாத் துப்பிட்டு, வாயக் கொப்புளிச்சுட்டு வாங்க. சீட்ட நான் பாத்துக்கறேன்.

வந்துட்டீங்களா. நீங்க போன நேரத்துல நானும் எறங்கி ஒரு எளநி வாங்கிட்டுப் போயி அவ சன்னல்ல நீட்டினேன். வாங்கல. “வெயிலா இருக்குது, குடி”ன்னேன். அவ கண்ணு எங்கயோ இருக்குது. பக்கத்துல இருக்கற பூக்காரம்மாவுக்கே சங்கடமாப் போயி, “குடுங்கண்ணா”ன்னு வாங்கிக்கிச்சு. பாத்தீங்களா அழுத்தத்த?

இருங்க, இன்னைக்குக் காத்தால நடந்ததச் சொல்றேன். அதச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஒருவழியா இந்த வருசம் முடிஞ்சுதுங்க காரு. ஒரு அம்பு ஒட்ட எடமில்ல. நானே டார்ச்சடிச்சு உள்ள, வெளிய, அடியில படுத்து எல்லாம் பாத்துட்டேன். புது சீட்டு, புது காலடி மேட்டு, புது ஸ்டீரிங்கு. இருமலு இல்ல, ஓடறதே தெரியாது. நோம்பி அன்னைக்குக் காத்தால அத ஊட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தினேன். பானெட்டுல செவ்வந்தி மாலை. ராயப்பனும் வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு கூடவே வந்தான். நான் ஆரனடிச்சேன்.

இவ கல்யாணப் பொண்ணாட்டம் வந்தா. அந்தப் பச்சச் சீல அவிய அய்யன் எடுத்துக் குடுத்தது, காருக்குத் தோதா இருக்கட்டும்னு அதக் கட்டியிருந்தா. கையில ஆரத்தித் தட்டு. மாலையப் பாக்கல, பெயிண்டப் பாக்கல. நேரா வலது பக்கம் வந்தா. டிரைவர் கதவுகிட்ட நின்னா. தட்ட ஒரு கையில புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில கதவத் தடவினா. மேல இருந்து பின் சக்கரம் முட்டும், குருடி தடவறாப்பல. பொறவு பின் கதவத் தொறந்து தலைய உள்ள உட்டு மோந்து பாத்தா. புது ரெக்சின் வாசனதான் அடிக்கும், வேற என்ன அடிக்கும்?

“கதவ மாத்திட்டீங்களா?”ன்னு கேட்டா.

எனக்குப் பெருமை தாங்கல. “மாத்தறதா? அதே கதவுதான்! மொத நாளே என்ற கையால தேய்ச்சுத் தகரம் முட்டும் எறக்கினேன். ஒரு பொட்டுக் கறை இருக்குதா பாரு!”ன்னேன்.

“மொத நாளேங்களா?”ன்னா.

“மொத நாளே!”

அவ்வளவுதானுங்க. காருக்குச் சுத்த எடுத்துட்டு வந்த ஆரத்திய அப்படியே கொண்டுபோயி வேப்பமரத்தடியில ஊத்திட்டா. அவ திரும்பின வேகத்துல ரெண்டு சொட்டு கதவுல தெறிச்சுருச்சு, செகப்பா. நான் டக்குன்னு துண்டெடுத்துத் தொடைச்சுட்டேன். மஞ்சளும் சுண்ணாம்பும் புதுப் பெயிண்டுல நின்னா என்னத்துக்காகறது? அதையும் நின்னு பாத்துட்டுத்தான் உள்ள போனா. போசிய எடுத்தா, செருப்பப் போட்டா, பஸ் ஸ்டாண்டுக்கு நடையக் கட்டிட்டா. மொழங்கால் வலியோட. நான் பின்னாலயே, “ஏறுடி, ஏறு, உங்கய்யன் காருதான்டி”ன்னு கூப்புட்டுக்கிட்டே போறேன். திரும்பல. திரும்பி வந்து ராயப்பங்கிட்டக் கேட்டா அந்தாளு மாலையப் பாத்துக்கிட்டே நிக்கறான். “கறைய நீங்க கேட்டுட்டு எடுத்திருக்கலாமுங்கய்யா”ங்கறான். கறைய எடுக்க யாருகிட்டங்க கேக்கோணும்? உலகத்துல எந்தப் பொம்பள எச்சியக் காணோம்னு கோவிச்சுக்குவா? காருக்குக் கவரப் போடுன்னு அவங்கிட்டச் சொல்லிட்டு, ஓடி வந்து இவ ஏறின பஸ்ஸுலயே நானும் ஏறிட்டேன்.

நாயத்தச் சொல்லுங்க. ஏன் சிரிக்கறீங்க? நீங்க வெத்தலக்காரரு, அந்தப் பக்கந்தான் பேசுவீங்க.

சரி, நானும் யோசிச்சுட்டேன். கறைதான் வேணும், அப்படித்தானுங்களே? பெரிய கம்ப சூத்திரமா அது? போட்டுக் குடுத்துட்டுப் போறேன். ராயப்பங்கிட்டச் சொன்னா பெயிண்டுலயே அடிச்சுருவான். ஆனா ஷேடு வேணும். அவரு எச்சி செகப்பும் இல்ல, காவியும் இல்ல, நடுவுல ஒண்ணு. ஏனுங்க, உங்களுது காஞ்சா என்ன கலரு வரும்? வாசனப் பாக்கும் கிராம்பும் போட்டா மாறுமுங்களா? அவரும் இதேதான் போடுவாரு. இந்த நாத்தம் எனக்கு மறக்குமா?

இல்ல, பெயிண்டெல்லாம் வேண்டாம். அவ மோந்து பாத்துக் கண்டுபுடிச்சுருவா. செஞ்சா ஒழுங்காச் செய்யோணும். நானே போட்டு, நானே துப்பி, கலரு சரியா வருதான்னு பாத்துக்கறேன். ஆமாங்க, நான்தான். என்ன அப்படிப் பாக்கறீங்க? மடிச்சுக் குடுங்க ஒண்ணு. கிராம்பு வெச்சு. சுண்ணாம்பு அளவாப் போடுங்க.

சன்னல் பக்கம் நான் வர்றேன், கொஞ்சம் மாறி உக்காருங்க. ம்ம். கண்ணுல தண்ணி வருது. ஐயோ, சுண்ணாம்பு நாக்கப் பொத்துருச்சு. இத எப்படிங்க நாள் முச்சூடும் போட்டாரு அந்த மனுசன்? இன்னும் மெல்லோணுமா? வாய் நெறஞ்சு போச்சு. முழுங்கறதா? நான் செத்தே போயிருவேன். இருங்க, இருங்க, முடியல, த்தூ!

ஐயய்யோ. பின்னால சன்னல்! மறந்தே போயிட்டனே. ஆரோ கத்தறாங்க. நானில்லீங்க! ஒண்ணுமில்லீங்க, அது மழைங்க, மழை! அட, என்ற வாயில என்ன வருது பாருங்க. இந்த வெயில்ல மழையாம்.

அவ மேல பட்டுருச்சா? கொஞ்சம் திரும்பிப் பாத்துச் சொல்லுங்களேன், எனக்கு மூஞ்சியக் காட்ட முடியல. பட்டுருச்சா? கன்னத்துலயா? பூக்காரம்மா முந்தானையால தொடைக்க வருதா? வேண்டாம்னு கையத் தள்ளிட்டாளா? தள்ளுங்க, நானே பாக்கறேன்.

ஏ பாவாத்தா! தொடைச்சுக்கோடி! எச்சிடி அது!

தொடைக்க மாட்டேங்கறாளே. செகப்பா வழியுது, அப்படியே சன்னல் கம்பியில கன்னத்த வெச்சுக்கிட்டுக் கண்ண மூடிட்டா. ச்சீ. இப்படியும் ஒருத்தி இருப்பாளா?

ஏனுங்க. வெத்தல இன்னும் இருக்குதுங்களா? இன்னொண்ணு மடிங்க.